றீற்றா அன்ரி அனுப்பிய காட்

மழைக் காலத்தில் வீட்டுக்கு வந்த கல்யாண அட்டையை இரண்டு நாள் கழித்துக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? தங்க நிறத்தில் மினுங்குகிற அட்டையைச் சொல்கிறேன். சாதாரண அட்டை கிடந்தபடி கிடக்கும். மினுங்குகிறது மட்டும் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும். கார்த்திகை, மார்கழியில் மட்டக்களப்பில் எந்த வீட்டிலும் இதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் மினுக்கத் தாள், அது ஈரத்தைக் குடிக்காது. மற்றப் பக்கம் வெறும் கடதாசி, அது குடித்து நீளும். அதனால் வளைகிறது. இதில் யாருடைய குற்றமும் இல்லை. வாவிக் காற்று அப்படி.

நான் போன் திருத்துகிறவன். பெயர் நோபேட். டவுனில் றவூப் நானாவின் கடையில் வேலை செய்தேன். வாவிக்குள் விழுந்த போன்கள்தான் என்னிடம் அதிகம் வரும். தோணியில் நின்று படம் எடுத்தவர்கள், பாலத்தில் தூண்டில் போடக் குனிந்தவர்கள் கொண்டுவருவார்கள். போனைக் கழற்றி, புதுப் போன் பெட்டிகளில் வருகிற சின்ன வெள்ளைப் பக்கட்டுகளோடு டப்பாவில் போட்டு மூடி வைப்பேன். அந்தப் பக்கட்டுக்குள் கண்ணாடி மணி மாதிரி இருக்கும். ஈரத்தை உறிஞ்சும். ஆனால் அந்த மணிகளுக்கும் ஓர் அளவு உண்டு. நிறைந்த பிறகு அவையே ஈரத்தை வெளியே விடத் தொடங்கும். கடையில் இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் ஜெனிஸ்டனும் அங்கே காட் விளையாடுவோம். முந்நூற்றி நாலு மாதிரிச் சீட்டாட்டம் இல்லை. பக்கட்டாக விற்கிற படக் காட். பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. சேர்த்து, ஆளுக்காள் மாற்றி, நமக்கென்று ஒரு கட்டு அமைத்து, எதிரில் இருப்பவனின் கோட்டையை உடைக்க வேண்டும். பெட்டியில் நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் கோட்டை என்போம்.

ஜெனிஸ்டனுக்கு இருபத்திரண்டு வயது. ஐஸ் கொம்பனியில் வேலை. சித்தி புஸ்பத்தின் வீட்டில் வளர்ந்தவன். கோயில் பாட்டுக்குழுவில் பாடுவான். தெருவில் நடந்தால் பத்துப் பேர் கூப்பிட்டுப் பேசுவார்கள். விளையாட உட்கார்ந்தால் கல் மாதிரி இருப்பான். என்னால் அப்படி இருக்க முடியாது. கட்டைக் கலைத்துக்கொண்டே இருப்பேன், எழும்பி வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன்.

"என்ன தம்பி, கதிரையில முள்ளு கிள்ளு இரிக்கா?" என்பார் றவூப் நானா. "நீ நடக்கிற நடைக்கு ஓட்டமாவடிக்கே போய் வந்திரிக்கலாம்."

ஜெனிஸ்டனின் அம்மாதான் றீற்றா அன்ரி. சார்ஜாவில் இருக்கிறார். வீட்டு வேலைக்குப் போனவர், அந்த வீட்டில் அடி தாங்காமல் ஓடி வெளியே வந்துவிட்டார். பாஸ்போட் வீட்டுக்காரனிடம் நின்றுவிட்டது. அப்படி ஒளிந்து வேலை செய்கிறவர்களை அங்கே நம் ஆட்கள் கல்லிவல்லி என்பார்கள். ஊருக்கு வர வெளிக்கிட்டால் பிடித்து உள்ளே போடுவார்கள் என்ற பயத்திலேயே ஒன்பது வருடம் போய்விட்டது. மகனை வீடியோவில்தான் பார்ப்பார்.

ஜெனிஸ்டன் வரப் பிந்தினால் அன்ரி என் போனுக்கு எடுப்பார்.

"ஆரு, நோபேட்டா? இவன் எங்க?"

"ஐஸ் லொறி வந்திரிக்காம் அன்ரி. இப்ப வந்திருவான்."

"நீ திண்டயா மனே?"

"இன்னும் இல்ல."

"என்ன இன்னும் இல்ல? வயிறா என்ன அது? போ, ஒரு றொட்டிய எண்டாலும் வாங்கிக் கொண்டுவந்து எனக்கு முன்னுக்கு வெச்சித் தின். நான் போன வைக்கல்ல."

வைக்கவில்லை. நான் போய் றொட்டி வாங்கி வந்து போனுக்கு முன்னால் இருந்து தின்றேன். அன்றைக்கு நான் ஒரு தடவைகூட எழும்பவில்லை.

என் அம்மா சுனாமியில் போய்விட்டதாக எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அன்ரிக்கும் சொன்னேன், அவர் அழுதார். உண்மையில் என் அம்மா களுவாஞ்சிக்குடியில் இருக்கிறார். வேறு கல்யாணம், வேறு பிள்ளைகள். என்னை டவுனில் ஓர் இல்லத்தில் விட்டுப் போனவர். ஒரு தடவை சந்தையில் எதிரே வந்தார். என்னைப் பார்த்தார், கத்தரிக்காய் விலை கேட்டார், அங்கால் போய்விட்டார். அலை என்று சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை. அதைப் பொய் என்று நான் நினைப்பதில்லை. சுருக்கமாகச் சொல்வது, அவ்வளவுதான்.

போன வருடம் ஊருக்கு வந்த ஒருத்தியிடம் அன்ரி மகனுக்குச் சாமான் கொடுத்துவிட்டிருந்தார். சவர்க்காரம், சேட், அதற்கடியில் ஒரு கட்டுக் காட். மகன் விளையாடுகிற காட்டின் படங்களைக் கடைக்காரனுக்குப் போனில் காட்டித் தேடி வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு காட்டிலும் சாதாரணம், மினுங்கி என்று இரண்டு வகை உண்டு. விளையாட்டில் இரண்டுக்கும் ஒரே பலம். அன்ரி எல்லாவற்றையும் மினுங்கியாகவே வாங்கியிருந்தார்.

"மினுங்கினாத்தானே நல்ல சாமான்," என்றார்.

மழை ஊரில் விளையாடுகிறவன் மினுங்கியைத் தொடமாட்டான். வளைந்த காட் பின்பக்கத்திலிருந்தே அடையாளம் தெரியும். அடையாளம் தெரிகிற காட்டோடு விளையாடினால் அது களவு. அன்ரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஜெனிஸ்டனுக்குத் தெரியும். தெரிந்தும் தன் கட்டின் பலமான காட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாக அம்மா அனுப்பிய அதே காட்டின் மினுங்கிகளை வைத்தான். அவை வளையாமலிருக்க அவன் பெட்டிக்குள் வெள்ளைப் பக்கட் போட்டுக் கொடுத்தது நான்தான். நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தேன்.

இந்த வருடம் நாடு முழுவதற்குமான போட்டியை முதல்தடவையாக மட்டக்களப்பில் வைத்தார்கள். வாவிக் கரையில் ஒரு கல்யாண மண்டபம். வெல்கிறவனுக்கு டுபாயில் நடக்கும் ஆசியப் போட்டிக்கு டிக்கட்டும் விசாவும்.

"அண்ணன், டுபாயில இருந்து சார்ஜா பஸ்ஸில போற தூரமாம்," என்றான் ஜெனிஸ்டன். அதற்குப் பிறகு அவன் வேறு ஒன்றும் பேசவில்லை. வேலை முடிந்து வருவான், விளையாடுவான், போவான். அன்ரியும் அதையேதான் பேசினார். "வந்தா எனக்கிட்ட ரெண்டு நாள் நிண்டுபோட்டுப் போ மனே. பிட்டு அவிச்சித் தாறன்."

நான் அதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். எழும்பி வாசலுக்குப் போனேன். மழை பெய்தது. திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஜெனிஸ்டன் போனால் நாலு நாள் நிற்பான். அழுவார்கள். பிறகு அவன் சித்தியிடமும் பாட்டுக்குழுவிடமும் திரும்பி வந்துவிடுவான். அன்ரி மறுபடி தனியே இருப்பார். நான் போனால் திரும்பி வரத் தேவையில்லை. அவரோடு நின்று வேலை செய்யலாம், மருந்து வாங்கிக் கொடுக்கலாம். யாருக்கு அவர் அதிகம் தேவை, அவருக்கு யாரால் அதிகம் பயன் என்று இரண்டு கேள்வி கேட்டேன். இரண்டுக்கும் ஒரே விடைதான் வந்தது.

போட்டிக்கு முதல் நாள் பகல் ஜெனிஸ்டன் கட்டோடு கடைக்கு வந்தான். றவூப் நானா மழையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த மினுங்கியள எடுத்துப்போட்டு சாதாரணத்தப் போடு. எனக்கிட்ட எல்லாம் இரிக்கி. விளையாடிப்போட்டுத் தா," என்றார்.

ஜெனிஸ்டன் என்னைப் பார்த்தான்.

"அம்மா அனுப்பினத எடுக்காத," என்றேன். "அதாலதானே இவ்வளவு நாளும் வெண்டாய்."

"ஓம் அண்ணன். நானும் அதத்தான் நினைச்சன்."

"பெட்டிய வெச்சிட்டுப் போ. புதுப் பக்கட் போட்டு வைக்கன்."

"நல்லதாப் போச்சு. சித்திட வீட்டுக் கூரை ஒழுகுது."

போட்டு வைத்தேன். காலையில் அவன் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

நானும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். கொழும்பிலிருந்து, கண்டியிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து பொடியன்மார் வந்து மண்டபம் நிறைந்திருந்தது. மணமேடையில் நடுவர்கள் இருந்தார்கள். வெளியே மழையும் உள்ளே குளிருமாகக் கதவு திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் ஜெனிஸ்டன் காட்டை எண்ணிப் பெட்டிக்குள் போட்டு மூடினான். அவனைப்போல் கவனமாக வேறு யாரும் மூடவில்லை.

பகல் சாப்பாட்டு நேரம் என்னிடம் வந்தான். "அண்ணன், கொஞ்சம் வளையிற மாதிரி இரிக்கி. பிடிக்கக்குள்ள தெரியிது."

"பெட்டிக்குள்ள போட்டு மூடு. பக்கட் இழுத்திரும்."

போட்டு மூடினான்.

நான் நன்றாகத்தான் விளையாடினேன். அதைச் சொல்லவேண்டும். ஆறு ஆட்டத்தில் ஒன்றில்கூட நான் கள்ளம் செய்யவில்லை. கடைசி ஆட்டத்துக்கு இரண்டு பேர் மிஞ்சினோம், நானும் அவனும். அவன் ஓடிப்போய் அம்மாவுக்கு எடுத்தான். "அம்மா, பைனல் வந்திட்டன். நோபேட் அண்ணனோட." அன்ரி சிரித்தது எனக்கும் கேட்டது. "அப்ப ரெண்டு பேரில ஆரும் வரத்தான் போறீங்க," என்றார்.

ஆரும் வரத்தான் போறீங்க. அவர் வாயால் சொன்னது அது.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் இருவர் கட்டையும் நடுவர் பார்ப்பது வழக்கம். கண்ணாடி போட்ட ஒரு மனிதர், பொறுமையானவர். என் கட்டைப் பார்த்துத் திருப்பித் தந்தார். ஜெனிஸ்டனின் கட்டை மேசையில் வைத்தார். குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரலில் வளைவு தட்டுப்பட்ட இடத்தில் தூக்கினார். மினுங்கி. மறுபடி தூக்கினார். மினுங்கி. மூன்றாவது தடவையும் மினுங்கி. எல்லாம் பலமான காட்.

"இது தற்செயல் இல்ல தம்பி," என்றார்.

"ஈரத்தால வளைஞ்சது சேர். அம்மா அனுப்பினது," என்றான் ஜெனிஸ்டன்.

நான் எழும்பி அவனுக்காக வாதாடினேன். நன்றாகவே வாதாடினேன். மழையைச் சொன்னேன், வாவியைச் சொன்னேன், அவன் ஐஸ் கொம்பனியில் வேலை செய்கிறவன், கை எப்போதும் ஈரம் என்றும் சொன்னேன். நடுவர் கடைசிவரை கேட்டார். "எல்லாருக்கும் ஒரே மழைதானே," என்றார். "மற்ற ஆக்கள் சாதாரணக் காட் கொண்டுவந்திரிக்காங்க." ஜெனிஸ்டனைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். கொழும்புப் பொடியன் ஒருத்தன் "கள்ளன்" என்றது மண்டபம் முழுக்கக் கேட்டது. கேடயத்தை என்னிடம் தந்தார்கள்.

இனி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அவன் பெட்டிக்குள் நான் போட்டது புதுப் பக்கட் இல்லை. பக்கட்டைப் பிரித்து, மணிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலால் துடைத்து, திருப்பிப் போட்டு ஒட்டினேன். தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவன் ஒவ்வொரு தடவையும் கவனமாக மூடிய பெட்டிக்குள் காலையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருந்தது.

மண்டபத்துக்கு வெளியே ஜெனிஸ்டன் மழையில் நின்றான்.

"என்ட பிழைதான் அண்ணன். றவூப் நானா சொன்னவர்." பிறகு, "அம்மாக்கு இதச் சொல்லாதீங்க. அவ அனுப்பின காட்டாலதான் தோத்தன் எண்டு தெரிஞ்சா தாங்கமாட்டா."

"நீ இப்ப அவவோட கதைச்சா அழுதிருவாய்," என்றேன். "நான் நேரில போய்ப் பக்குவமாச் சொல்லுறன். அதுவரைக்கும் போன் எடுக்காத. அங்க வாற வரைக்கும் வெளியில வேலையா இரிக்கன் எண்டு அவவுக்கு ஒரு மெசேஜ் மட்டும் போடு."

"ஓம் அண்ணன்," என்றான். விலாசத்தைத் தந்தான். புறப்படுகிற அன்று றால் கருவாடு கட்டிக்கொண்டு வந்தான், அம்மாவுக்கு. என்னைக் கட்டிப் பிடித்து, "நீங்க போறது நான் போற மாதிரித்தான்," என்றான்.

டுபாய் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டேன். அது முக்கியமில்லை. அன்று மாலையே சார்ஜா பஸ் எடுத்தேன்.

அன்ரி நாலைந்து பெண்களோடு ஒரே அறையில் திரைச்சேலை கட்டி இருந்தார். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்துப் பிழைப்பு. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். படிக்கட்டுவரை பார்த்தார்.

"அவன் எங்க மனே? கீழ நிக்கானா?"

உள்ளே போய் இருந்தேன். கருவாட்டைக் கொடுத்தேன், நான் வாங்கியதாகச் சொன்னேன். அவன் வென்றான், ஆனால் வர விரும்பவில்லை, டிக்கட்டை எனக்கு விற்றுவிட்டான் என்றேன். நீங்கள் அனுப்பிய காட்டையும் விற்றுவிட்டான் என்றேன். அதனால்தான் இத்தனை நாளும் உங்களோடு பேசவில்லை என்றேன்.

அன்ரி கருவாட்டுப் பொதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மினுங்கிறதையுமா?" என்று கேட்டார்.

"ஓம் அன்ரி."

பிறகு இன்னொன்றும் சொன்னேன். ஓடிவந்த பெண்களைப் பொலிஸ் போன் நம்பரை வைத்துத் தேடுகிறதாம், உங்கள் நம்பரும் அதில் இருக்கிறதாம் என்று. அவர் பயந்து போனை என்னிடம் தந்தார். மகனின் நம்பர் மனப்பாடமா என்று கேட்டேன். இல்லை என்றார்.

இப்போது என் விசா முடிந்து நாளாகிவிட்டது. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு கட்டில் எடுத்திருக்கிறேன். பார்சல்களை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். யாராவது கதவைத் தட்டினால் எழும்பி நிற்கிறேன், படிக்கட்டைப் பார்க்கிறேன், திரும்பி வந்து இருக்கிறேன். அன்ரி என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். நானும் அவரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். சில நேரம் கை வேலையை விட்டுவிட்டு வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குக் காரணம் ஜெனிஸ்டன்தான். ஒரு மகன் இப்படி அம்மாவை விட்டிருக்கக்கூடாது.



நான் வந்து சேர்ந்த மறுநாள் காலை அவருடைய சிம்மை இரண்டாக முறித்தேன். போனிலிருந்த நம்பர், படம் எல்லாவற்றையும் துடைத்து, புது சிம் போட்டுக் கொடுத்தேன். அந்த விலாசத்தில் அப்படி ஒருவரும் இல்லை, பொலிஸ் பிடித்துப் போனதாகச் சொல்கிறார்கள் என்று ஜெனிஸ்டனுக்கு மெசேஜ் போட்டேன். அன்ரி பிட்டு அவித்திருந்தார். நான் சாப்பிட்டேன்.