கவச மீனின் கழுத்து

உங்கள் மின்விசிறி கிறீச்சிடுகிறது. ஒரு சொட்டு எண்ணெய் போதும். அதற்குக்கூட ஆளில்லாத இடத்தில் உட்கார்ந்து என்னை விசாரிக்கிறீர்கள். போகட்டும்.

அருங்காட்சியகத்தில் புதைபடிவங்களைப் பாறையிலிருந்து பிரித்தெடுத்து ஆராய்வது என் வேலை. டைனோசர்களுக்கு வெகுகாலம் முன்பே அழிந்துபோன கவச மீன் ஒன்று என்னிடம் வந்தது. அதற்குத் தலையில் ஓர் எலும்புக் கவசம், மார்பில் ஒன்று. மார்புக் கவசத்தின் குமிழ் தலைக் கவசத்தின் குழியில் கீல்போல உட்கார வேண்டும். உட்கார்ந்தது. இதுவரை யாரும் அறியாத பேரினம் என்று அறிவித்து, பெயரும் வைத்தேன். உலகம் ஒப்புக்கொண்டது.

என் தங்கை கணவனுக்கும் அங்கேதான் வேலை. வாங்கிக் கொடுத்தவன் நான். ஒருநாள் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தான்.

“மச்சான், குமிழ்ல அரம் போட்ட கோடு தெரியுதே. தலை ஒருத்தனுது, உடம்பு வேற ஒருத்தனுது. பொருத்தம் பாக்காம நீங்களே கட்டி வச்சிட்டீங்க.”

“கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. லேசாத் தேய்ச்சேன்.”

“அப்போ இப்படி ஒரு மீனே கிடையாது. நீங்களே எழுதிச் சொல்லிடுங்க மச்சான். இல்லேன்னா நான் சொல்லித்தான் ஆகணும்.”

மிரட்டலைக்கூட மரியாதையாகச் செய்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடிப்பக்கத்தையும் பார்த்துவிட்டால் சந்தேகமே இருக்காது என்றான். மறுநாள் காலை, மார்புக் கவசம் பதிந்த பாறையைச் சங்கிலிக் கப்பியில் தூக்கினோம். கீழே முட்டுக்கட்டை கொடுக்காமல் யாரும் நுழையக் கூடாது என்பது எங்கள் பட்டறை விதி. கட்டை வைக்க வேண்டியது என் பக்கம். அவன் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது.

“கட்டை வச்சாச்சா மச்சான்?”

“வச்சாச்சு, போங்க மாப்ளே.”

மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். நான் சங்கிலியின் பிடியை விடுவித்தேன்.

அவன் உடனே சாகவில்லை. மச்சான், மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் முதலில் கவசத்தைத் தடவிப் பார்த்தேன். விரிசல் இல்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு, குரல் அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் தங்கை கேட்டாள். “அண்ணா, அவருக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?”

“இல்லம்மா. ஒரு நொடியில முடிஞ்சிடுச்சு.”

எழுதிக்கொள்ளுங்கள், கொன்றது நான்தான். ஆனால் என் மீனைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக எழுதாதீர்கள். நான் பொய் பேசுகிறவன் இல்லை. தங்கையிடம் சொன்னது ஒன்றுதான். அதுவும் அவள் நிம்மதிக்காக.