முப்பத்தோராம் நாள் படம்

உங்கள் மகளின் பிறந்தநாள் படங்களைத் திருத்த எந்த மென்பொருள் வாங்கலாம் என்று கேட்டீர்கள், ஐயா. வீட்டுத் தேவைக்கு மலிவானதே போதும். வெளிச்சத்தைக் கூட்டும், பின்னால் நிற்கும் குப்பைத்தொட்டியை அழிக்கும். மாதாமாதம் காசு கட்டித் தொழில்காரர்களின் மென்பொருளை வைத்திருப்பது உங்களுக்கு வீண் செலவு. எனக்கு அது தேவைப்பட்ட காரணம் வேறு.

தை மாதம் யாழ்ப்பாணத்தில் என் மாமனார் சூசைதாசன் காலமானார். மாமி பேர்ணடெற் ரெலிபோன் எடுத்துச் சொன்னார். என் மனைவி றஜிதா பேசும் நிலையில் இல்லை. கொஞ்ச நாளாகவே அவளுக்காக நான்தான் பேசிவந்தேன். அழுதழுது தொண்டை கட்டிவிட்டது என்றேன். மாமி ஏற்றுக்கொண்டார். ஆனால் இங்கே கனடாவில் ஸ்காபரோவிலும் முப்பத்தோராம் நாள் பூசை ஒப்புக்கொடுத்து, மகள் வெள்ளைச் சேலையோடு கோயிலில் நிற்கும் படத்தை அனுப்பச் சொன்னார். அன்றைக்குப் பிடித்த பயம். ரெலிபோன் அடித்தாலே எழும்பி அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

பழைய படம் ஒன்றை எடுத்தேன். கோயில் வாசலில் பச்சைச் சேலையோடு நிற்கிறாள். மலிவான மென்பொருள் பச்சையை வெள்ளையாக்கியது. ஆனால் கழுத்தோரம் பச்சை கசிந்தது, விரல்களும் வெளிறிப்போயின. மாமியின் கண்ணுக்கு இது தப்பாது. அதனால்தான் பெரியதை எடுத்தேன். முதல் ஏழு நாள் இலவசம். சேலையை மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தந்தது, நல்ல வேலை.

அதோடு அவளுடைய கண்களையும் சரிசெய்தேன். எந்தப் படத்திலும் றஜிதாவின் கண்கள் மிரண்டபடியே இருக்கும். எவ்வளவு நல்ல படத்தையும் கெடுத்துவிடும். இமைகளைச் சற்றுத் தாழ்த்தி, புருவத்தைத் தளர்த்தினேன். சாந்தமாக நின்றாள். எனக்கும் பயம் கொஞ்சம் குறைந்தது.

படம் போய்ப் பத்து நிமிடத்தில் மாமி ரெலிபோன் எடுத்தார்.

“தம்பி, என்ரை பிள்ளை எங்கை?”

“படத்திலை நிக்கிறாதானே, மாமி.”

“ஏழு வருஷமா நீங்கள் அனுப்பின ஒரு படத்திலையும் அவள் பயப்பிடாமல் நிண்டதில்லை. இதிலை அவளுக்குப் பயமில்லை. அவளை என்ன செய்தனீங்கள்?”

நான் ரெலிபோனை வைத்துவிட்டேன். பொலிசுக்குச் சொல்லி உங்களை அனுப்பியதும் அவராகத்தான் இருக்கும். சரி, சொல்கிறேன். கார்த்திகையில் ஒருநாள் றஜிதா பையோடு வாசலுக்கு வந்தாள். இனி இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். வெளியே பனி கொட்டியது, அந்தக் குளிரில் அவளைப் போகவிட எனக்கு மனம் வரவில்லை. சத்தம் அடங்கும்வரை கழுத்தைப் பிடித்திருந்தேன். எங்கள் வீட்டுக் கராஜில், புதிதாகப் போட்ட கொங்கிரீற்றின் கீழே இருக்கிறாள்.

ஒன்றுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை, ஐயா. அந்தப் படங்கள் எல்லாவற்றையும் எடுத்தவன் நான். கமராவுக்குப் பின்னால் என்னைத் தவிர ஒருவரும் நின்றதில்லை. அப்படி எதைப் பார்த்துத்தான் அவள் பயந்தாளோ.