ட்ரக்கா, ட்ரெக்கா?

என் உழைப்பில் வாங்கிய ரெண்டு கார் வீட்டில் நிற்கிறது. ஆனாலும் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில்தான் போவேன். நல்ல பேச்சு அங்கேதான் கிடைக்கும். நேற்று முன்சீட்டில் ஒரு தாய், குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிய மகள், பக்கத்தில் நாத்தனார்.

"நாலு நாளு புள்ளைங்களோட ட்ரக்குல சுத்துனீங்களாமே?"

"ட்ரக் இல்லீங்க அண்ணி, ட்ரெக். குடகு மலைல நடந்தோம்."

"நடந்தா? ஒரு லாரிகூடவா கெடைக்கல?"

"உச்சிக்கே ஏறி முடிச்சிட்டோம் அண்ணி. இவளும் இவ தம்பியும் அவங்களாவே நடந்தாங்க."

"பொட்டப்புள்ள காலு போச்சுன்னா எவன் கட்டுவான்? அடுத்த லீவுக்கு எங்க வீட்டுக்கு அனுப்பிடு. உன் புருசன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

தாய் வாயைத் திறப்பதற்குள் மகள் திரும்பினாள்.

"அடுத்த லீவுக்கும் மலைதான் அத்தே. நீங்களும் வாங்க, உங்க பையை நான் தூக்கறேன்."