பால் வண்டியின் துணி

நாற்காலி போட்டுக் கொடுத்தது நல்லதாயிற்று, ஐயா. பட்டறைக்காரனுக்கு முதலில் தேய்வது முழங்கால்தான். நான் வந்தது ஒரு சின்னத் திருத்தத்துக்காக. வேன் மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் உருண்டது என்று விபத்து வழக்கில் உங்கள் ஸ்டேஷன் ஆள் எழுதியிருக்கிறாராம். அந்தப் பிரேக் நான் போட்டது. அது பிடிக்கும்.

வண்டிக்குப் பின்னால், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே, பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்புக் கூடு இருக்கும். டிஃபரன்ஷியல் என்போம். உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயில் குளித்தபடி சுற்றும். அடியில் காந்தம் வைத்த திருகு ஒன்று. எண்ணெய் வடிக்கும்போது காந்தத்தில் சாம்பல் நிற மை ஒட்டியிருந்தால் வயசுக்கேற்ற தேய்மானம். துண்டு ஒட்டியிருந்தால் பல் உடைந்திருக்கிறது, வண்டியை நகர்த்தக் கூடாது.

என் பட்டறையில் ஒரு பழக்கம். காந்தத்தை வெள்ளைத் துணியில் துடைத்து, அந்தத் துணியை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவேன். அவரே பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வேன் என் தங்கை வீட்டுக்காரருடையது. பன்னிரண்டு வருஷம் அவர்கள் என் வீட்டு மாடியில் இருந்தார்கள். மூன்று வேளையும் எனக்குச் சாப்பாடு படியிறங்கி வரும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவசியப்படவில்லை. மாப்பிள்ளை தங்கமான மனிதர். போன மாதம் மலைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, குடிபோகிறோம் என்றார்கள். தங்கை என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா.

புறப்படுவதற்கு முதல் நாள் எண்ணெய் மாற்ற வேனைக் கொண்டு வந்தார். காந்தத்தில் நகம் அளவுக்கு இரண்டு துண்டுகள். கூட்டைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தேன். ஏறும்போது சுமை பல்லின் ஒரு முகத்தில் விழும், கியரில் பிடித்து இறங்கும்போது மறு முகத்தில். விரிசல் அந்த மறு முகத்தில்தான். மேடு வரைக்கும் வண்டி பூப்போலப் போகும். இறக்கத்தில் பல் உடைந்து நடுவில் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

வாசலிலிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார். “மச்சான், துணியக் காட்டுங்க. நாளைக்கு மலை எறங்கணும்.”

“தங்கச்சி ரயில்லதான போறா, மாப்ள?”

“ரயில்லதான். நான் வண்டி ஓட்டுறதுமேல அவளுக்கு எப்ப நம்பிக்கை இருந்துச்சு?”

முந்தின நாள் வந்த பால் வண்டியின் துணி, அந்த வண்டிக்காரர் பார்த்துவிட்டு விட்டுப்போனது, ஆணியில் தொங்கியது. வெறும் சாம்பல் மை. அதை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக் கைத்துணியைவிட இது சுத்தம் என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் கெட்டியான எண்ணெயாகவே ஊற்றினேன். உள்ளே இரைச்சல் இருந்தாலும் அடங்கிவிடும். நிம்மதியாக ஓட்டட்டும் என்றுதான். நான் எதையும் உடைக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் தங்கை பையோடு வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

“ரயில் என்னாச்சு?”

“நீங்கதான் வண்டியப் பாத்துட்டீங்களேண்ணா, அப்புறம் என்ன பயம்?” என்றாள். “உங்க தட்ட மேல அலமாரில வச்சிருக்கேன். வேளைக்குச் சாப்பிடுங்க.”

சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தேன். ஆனால் சொன்னால் துணி பொய் என்று ஆகிவிடும். கொடுத்த துணியைத் திரும்ப வாங்கும் வழக்கம் என் பட்டறையில் கிடையாது. பார்த்துப் போங்க என்று மட்டும் சொன்னேன்.

பதினொரு மணிக்கு மேட்டைத் தொடுவார்கள், டீ குடிப்பார்கள், அப்புறம் இறக்கம். மதியம் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அலமாரியில் தட்டு இருந்தது, சாப்பாடு இல்லை. அன்றைக்கு எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது.

இந்தத் தீப்பெட்டியில் அந்த இரண்டு துண்டுகளும் இருக்கின்றன. உங்கள் ஆளிடம் கொடுத்துக் கூட்டைத் திறக்கச் சொல்லுங்கள், பொருந்தும். தெரிந்தேதான் அனுப்பினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பிரேக் என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். இருபத்தாறு வருஷத்தில் என் வேலையை ஒருவரும் குறை சொன்னதில்லை, ஐயா. அவர்கள் இரண்டு பேரும்கூடச் சொல்லவில்லை.