சார்ஜர் பெட்டிக்குள் நான் வைத்த வயர்

என் பெயர் கிருபாகரன், வயது 36, தகப்பனார் பெயர் சம்பந்தம். சொந்த ஊர் திண்டிவனம். தற்போது பாரிவாக்கம், பொன்னி நகர், இரண்டாவது குறுக்குத் தெரு, கதவு எண் 14 என்ற விலாசத்தில் என் மனைவி தேவிப்பிரியாவுடன் வசித்து வருகிறேன். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இன்று 16.06.2025 திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து உதவி ஆய்வாளர் முன்னிலையில் இதைச் சொல்கிறேன். இதே சம்பவம் பற்றி கடந்த 10-ஆம் தேதி என்னிடம் விசாரித்து எழுதிக்கொண்டார்கள். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

கடந்த மே மாதம் நான் ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கினேன். வண்டியோடு சுவரில் மாட்டும் சார்ஜர் ஒன்றும் கொடுத்தார்கள். என் வீட்டுக்கு இருப்பது ஒரே லைன் வரும் சிங்கிள் பேஸ் இணைப்பு. எங்கள் வீட்டில் நான்கு வருடமாக வேலை செய்யும் சொர்ணம் என்பவர், வயது 48, அதே ஊர் காலனியைச் சேர்ந்தவர், "எந் தம்பி முனியன் கீறான் சார், கரண்டு வேலைல கை சுத்தம், இட்டாந்து காட்டட்டுமா" என்று கேட்டார். சரி என்றேன். அதன் பிறகு முனியன் வந்தார். அவர் மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் பல வருடம் மின் பராமரிப்பு வேலை பார்த்தவர்.

முனியன் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். வீட்டைச் சுற்றி வந்தார். அதன் பிறகு, "இந்த லைனு லைட்டு, ஃபேனு, ஒரு ஏசிக்குப் போட்டது சார். வண்டிக்குத் தாங்காது. த்ரீ பேஸுக்கு எழுதிக் குடுத்துருங்க. இன்னொன்னு, ஊட்டுக்கு எர்த்தே இல்ல. கார் ஷெட்டு கட்டசொல்ல அந்த வயர அறுத்துட்டுக்கீறானுங்க" என்றார். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வயர்தான் எர்த் என்றும், புதிதாகக் குழி வெட்டி அதைப் போட வேண்டும் என்றும் சொன்னார். குழி வெட்டினால் கார் ஷெட்டின் டைல்ஸை உடைக்க வேண்டியிருந்தது. ஷெட் கட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதனால், புது இணைப்பு வரும்போது எல்லாவற்றையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவன் நான்தான். முனியன் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

மூன்று லைன் வரும் த்ரீ பேஸுக்கு விண்ணப்பித்தேன். மின்வாரிய அலுவலகத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு ஜூன் 23-ஆம் தேதி மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்பே முனியன் சார்ஜரைச் சுவரில் மாட்டி, வயர் இழுத்து, அதற்கான பிரேக்கர் சுவிட்சை ஆஃப் செய்து வைத்தார். அதன் மேல் ஒரு தாளில், எர்த் போடாமல் ஆன் செய்யக் கூடாது என்று தன் கையால் எழுதி ஒட்டினார். ஒட்டியதை நான் பார்த்தேன். சொர்ணமும் பக்கத்தில் நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

அதுவரை நான் திருமழிசையில் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் சார்ஜிங் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரிசையில் நிற்க வேண்டும். ஜூன் 3-ஆம் தேதி மாலை அங்கே ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் பிரேக்கரை ஆன் செய்தேன். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டியில் சார்ஜ் ஏறவில்லை. எர்த் இல்லை என்று அது காட்டியது. அதன் பிறகு போனில் தேடிப் பார்த்தேன். சார்ஜர் பெட்டிக்குள், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் சிவப்பு போய்விடும் என்று ஒருவர் வீடியோவில் செய்து காட்டினார். அது ஆபத்து என்று கீழே பலர் எழுதியிருந்தார்கள். அதையும் படித்தேன். நான் பொறியியல் படித்தவன். இருபது நாள் கதைதானே என்று நினைத்தேன். ஒரு சாண் பச்சை வயரை வெட்டி உள்ளே முறுக்கி மூடினேன். பச்சை விளக்கு எரிந்தது. முனியன் ஒட்டிய தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். சார்ஜர் வேலை செய்கிறதா என்று என் மனைவி கேட்டார். முனியன் சரிசெய்துவிட்டார் என்று சொன்னேன்.

அதன் பிறகு ஆறு நாள் வீட்டிலேயே சார்ஜ் செய்தேன். வண்டியில் சார்ஜ் ஏறும்போது ஹாலில் விளக்கு மங்கியது. 9-ஆம் தேதி மீட்டர் பெட்டிப் பக்கம் ரப்பர் கருகும் வாடை வந்தது. ஊதுபத்தி ஏற்றி வைத்தேன்.

10-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை எட்டே கால் மணி இருக்கும். வண்டி சார்ஜில் இருந்தது. வீட்டில் விளக்கு, ஃபேன் எல்லாம் நின்றன. கரண்ட் கட் என்று நினைத்துக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது வெளியே வாளி விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது சொர்ணம் ஈரத் துணியோடு காரின் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். கையை எடுக்க முடியவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் ஓடிப்போய் மெயினை ஆஃப் செய்தேன். அவர் கீழே விழுந்தார். மீட்டருக்குப் பக்கத்தில் நியூட்ரல் வயர் சூடு தாங்காமல் எரிந்து அறுந்துவிட்டது. போக வழியில்லாத மின்சாரம், நான் வைத்த துண்டு வயர் வழியாக வண்டியின் உடம்புக்கு வந்திருக்கிறது. இது எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது.

என் மனைவி ஆம்புலன்சுக்கு போன் செய்தார். பக்கத்து வீட்டு சாவித்திரி அம்மாள் வந்து சொர்ணத்தின் நெஞ்சை அழுத்தினார். மூச்சு வந்தது. ஆம்புலன்ஸ் வந்தவுடன் மனைவியும் சாவித்திரி அம்மாளும் ஏறினார்கள். நீங்களும் வாங்க என்று மனைவி கூப்பிட்டார். வீட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். அவர்கள் போன பிறகு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து சார்ஜரைத் திறந்து அந்த வயரை எடுத்து பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்து உருண்டது. அதைத் தேடி எடுத்து மாட்டிய பிறகுதான் வீட்டைப் பூட்டினேன்.

மதியம் காவலர்கள் வந்து, வயரிங் யார் செய்தது என்று கேட்டார்கள். முனியன் என்றேன். எர்த் போட்டாரா என்று கேட்டார்கள். போடவில்லை என்றேன். அன்று நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. வரவழைத்து விசாரித்தபோது முனியன், பிரேக்கர் மேல் தாள் ஒட்டியதாகச் சொன்னார். தாள் அங்கே இல்லை. அதன் பிறகு தினமும் அவரை விசாரணைக்கு வரச் சொல்லியிருப்பதாக அறிந்தேன்.

13-ஆம் தேதி கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குப் போனேன். சொர்ணத்துக்கு அன்றுதான் நன்றாக நினைவு வந்திருந்தது. வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வார்டு வாசலில் அவருடைய மகள் அருள்மொழி நின்றிருந்தார். முனியன் உள்ளே போக வந்தபோது அருள்மொழி கையை நீட்டித் தடுத்து, "நீ வராத மாமா. உங்கையால போட்ட வயரு தான அது" என்றார். முனியன் கொண்டுவந்த இளநீரை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார்.

படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், ராவும் பகலும் ரோசன பண்ணிகினேதான் கீறேன். எங்க உட்டேன்னு தெர்ல. ஆஃப் பண்ணிட்டுத்தான் வந்தேன்னு நெனப்பு. ஒருவேள பண்லியோ இன்னாவோ. உங்க ஊட்டுக்கும் என்னால கெட்ட பேரு. மன்னிச்சுக்கங்க சார்" என்றார். நான், பரவாயில்லை முனியன் என்றேன். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

உள்ளே சொர்ணம் என்னைப் பார்த்து, "வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே சார்" என்று கேட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொன்னேன். அவர், "எனக்கு இப்ப எதுக்குச் சொல்றீங்க, போய் அங்க சொல்லுங்க" என்றார். வெட்டிய வயரை இத்துடன் ஒப்படைக்கிறேன். முனியன் செய்த வேலையில் எந்தத் தவறும் இல்லை. அவர் ஆஃப் செய்துவிட்டுத்தான் போனார். ஆன் செய்தது நான்.

நான் இன்று நிலையத்துக்குள் வரும்போது விசாரணைக்கு வந்த முனியன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "எனக்காவ வந்தீங்களா சார்" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அவர் இன்னும் வெளியேதான் இருக்கிறார்.

யாருடைய மிரட்டலும் தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்லச் சொல்ல எழுதியது இது. படித்துக் காட்டக் கேட்டேன். அனைத்தும் உண்மை, திருத்தம் ஏதும் இல்லை.

(ஒப்பம்) ச. கிருபாகரன்