ஓசி மருந்தும் நாளை இருபத்தாறாம் தேதியும்

தலைமையேற்று வீற்றிருக்கும் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர், பெரியவர் கந்தப்பன் அவர்களே! முன்வரிசையை முந்தி வந்து பிடித்திருக்கும் பெரியோர்களே! என் பேச்சுக்குக் காதையும் ஓடும் பிள்ளைக்குக் கண்ணையும் கொடுத்திருக்கும் தாய்மார்களே! ஞாயிற்றுக்கிழமையும் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

"வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இலவச ஆன்டி வைரஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி?" இதுதான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரனாகிய எனக்குத் தந்த தலைப்பு. எழுதி வந்த உரை சட்டைப்பையில் இருக்கிறது. அது அங்கேயே கிடக்கட்டும். காலையில் கண்ட ஒரு காட்சியைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும். நாளை என்ன தேதி? ஏப்ரல் இருபத்தாறு! மறந்துவிடாதீர்கள்.

அதோ, இரண்டாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார் குல்சார் பேகம். குழந்தைகள் சட்டையில் அச்சடிக்கும் பூவையும் பொம்மையையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பவர். அவர் வரைந்த ஒரு பூ வெளிநாட்டு ஆர்டருக்குத் தேர்வாகியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை கம்பெனியில் கொடுத்தாக வேண்டும். இன்று காலை பொத்தானை அழுத்தினார். திரை கறுத்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் கறுப்பு! "அண்ணா, எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல, உடனே வாங்க" என்று போன் செய்தார். ஓடினேன். ஹார்ட் டிஸ்கில் ஒன்றும் மிச்சமில்லை.

காவல் இல்லாமலா இருந்தார்? இல்லை! நாம் எல்லோரும் நம்பிய அதே இலவச ஆன்டி வைரஸ்தான் அவர் வீட்டிலும். போன வருஷம் தலைவர் கோயமுத்தூரிலிருந்து ஓசியில் வாங்கி வர, வீடுவீடாகச் சுற்றியதே, அந்தப் பிளாப்பி!

என்னங்க தலைவரே? "நான் குடுத்தப்ப சுத்தமாத்தானுங்க இருந்துச்சு"ங்கறீங்களா? சத்தியமா சுத்தமாத்தானுங்க இருந்துச்சு. உட்காருங்க, உங்களைக் குத்தம் சொல்லலீங்க.

நம்ம ஊர் வழக்கம் என்ன? பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த ஏனத்தை வெறும் ஏனமாகத் திருப்பித் தருவோமா? மாட்டோம்! ரெண்டு முறுக்காவது, ஒரு பிடி கீரையாவது போட்டுத்தான் தருவோம். பிளாப்பிக்கும் அதையே செய்தோமே, ஐயா! ரங்காத்தாள் அக்கா பேத்தியின் காதுகுத்துப் படத்தைப் போட்டுக் கொடுத்தார். பாரூக் பாய் கார் ஓட்டும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார். வாங்கிய வீடெல்லாம் ஏதாவது ஒன்றைப் போட்டுக் கொடுத்தது!

"வெறுமனே குடுத்தா நல்லாவா இருக்குமுங்க?" என்கிறார் அங்கே ஒரு அக்கா. நல்லா இருக்காதுங்க அக்கா! ஆனால் உள்ளே போடுவதற்காகப் பிளாப்பியின் மூலையிலுள்ள சின்னத் தாழ்ப்பாளைத் திறந்தே வைத்தோம். அதைத் தள்ளி மூடியிருந்தால் ஓர் எழுத்துக்கூட உள்ளே ஏறியிருக்காது. ஏதோ ஒரு வீட்டில் வைரஸ் ஏறியது. யார் வீடென்று தேட வேண்டாம். ஏறியது எங்கே குடியேறியது? ஆன்டி வைரஸுக்குள்ளேயே! காவல்காரன் வேஷத்தில் கதவு கதவாகப் போனது. நோயோ புதுசு, மருந்தோ போன வருஷத்தது. மருந்துக்கு ஆளை அடையாளமே தெரியவில்லை.

இந்த மாதக் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சீடியிலும் இலவச ஆன்டி வைரஸ் இருந்தது. தலைவர் வீட்டுக்குத் திரும்பியிருந்த அந்தப் பிளாப்பியை வாங்கி வந்து, அதை வைத்துச் சோதித்தேன். அலறிவிட்டதுங்க! தூங்கிக் கிடக்குமாம், ஏப்ரல் இருபத்தாறு அன்று விழிக்குமாம், விழித்தால் எல்லாவற்றையும் அழிக்குமாம்.

"இன்னைக்கு இருபத்தஞ்சுதானுங்களே?" சரியான கேள்வி. குல்சார் பேகத்தின் கம்ப்யூட்டரில் தேதி ஒரு நாள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு இன்றே வந்துவிட்டது. நமக்கு விடிந்தால் வரும்!

நாளை அந்தப் பொத்தானைத் தொடுவீர்களா? தொடாதீர்கள்! விளையாட்டுக் கேட்டுப் பிள்ளை அழுதால் அழட்டும். வீட்டுக்காரர் கத்தினால் கத்தட்டும். செவ்வாய்க்கிழமை சீடியோடு நானே வீடுவீடாக வருகிறேன். இலவசம் என்பது இழிவல்ல. ஆனால் சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோமே, இதைப் பார்த்தோமா? எங்கிருந்து வந்தது, எந்த மாதத்தது, எத்தனை கை மாறியது என்று ஒருவராவது கேட்டோமா? இனிமேலாவது கேளுங்க சாமி, கேளுங்க!

தங்கச்சி குல்சார், கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. அந்தப் பிளாப்பியைக் கடைசிவரை பார்த்தேன். காதுகுத்துப் படத்துக்கு அடுத்து ஒரு ஆவாரம்பூ. போன வாரம் தலைவருக்குத் திருப்பிக் குடுத்தப்ப, வெறுமனே தரக்கூடாதுன்னு நீங்க போட்டு வெச்ச பூ. ஆர்டருக்குத் தேர்வான அதே பூ! மத்த டிசைனெல்லாம் போனது போனதுதான், பொய் சொல்ல மாட்டேன். பூவைப் புதுப் பிளாப்பியில் எடுத்து, சோதித்து, தாழ்ப்பாளையும் மூடிக் கொண்டு வந்திருக்கிறேன். அழாதீங்க, மேடைக்கு வந்து வாங்கிக்குங்க.

தலைவரே, இதோ உங்க பழைய பிளாப்பி. உள்ளிருந்த அத்தனையும் அழித்துவிட்டேன். இந்த ஒரு தடவை வெறும் ஏனமாத்தான் திருப்பித் தர்றேன், தப்பா நினைச்சுக்காதீங்க. பதறிப் பேசியதைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கெல்லாம் நன்றி. வணக்கமுங்க.