சர்வரில் இருப்பதே இருக்கட்டும்

ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது, ஐயா. வேலை அப்படி. மருத்துவமனையின் பொது நாட்காட்டியும் முகவரிப் புத்தகமும் சர்வர் என்கிற மையக் கணினியில் இருக்கும். டாக்டர், நர்ஸ் எல்லோர் போனிலும் அவை ஒன்றுபோல் தெரியவேண்டும். ஓரிடத்தில் மாற்றினால் கால் மணி நேரத்தில் எல்லா இடத்திலும் மாறிவிடும். அதைப் பார்த்துக்கொள்வது நான்.

அன்று சிறுநீரகப் பிரிவு நர்ஸ் கூப்பிட்டாள்.

"அக்கா, மாற்றுக் கிட்னிக்குக் காத்திருக்கிற ஒருத்தர் நம்பர் என் போன்ல ஒண்ணு, சர்வர்ல ஒண்ணு. ரெண்டும் மாமியார் மருமக மாதிரி மல்லுக்கட்டுது. எதை வைக்கிறது?"

திறந்து பார்த்தேன். என் கணவர். அவள் போனில் இருந்ததுதான் சரி. சர்வரில் கடைசி இலக்கத்தை யாரோ தவறாகத் தட்டியிருந்தார்கள். 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற இடத்தில் அவர் யார் பெயரும் எழுதாமல் கோடு கிழித்திருந்தார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிவருகிறவள் நான். வாசலோடு போய்விடு என்பார்; நான் அவர் மனைவி என்று அந்தப் பிரிவில் யாருக்கும் தெரியாது.

முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார்: "கிட்னி கிடைச்சு உடம்பு தேறினதும் நான் தனியா போயிடறேன். உனக்கும் நிம்மதி." கோபமாகச் சொல்லியிருந்தால் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

"சர்வர்ல இருக்கிறதையே வை" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்" என்று சிரித்தாள்.

இரண்டு மாதம் கழித்து, காலை பதினொன்றேகாலுக்கு, அறுவை அரங்கின் நாட்காட்டியில் அவர் பெயர் வந்தது. சிறுநீரகம் வந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஆள் கிடைக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அவர் வீட்டில்தான் படுத்திருந்தார், போன் தலைமாட்டில். என் போன் என் கையில் இருந்தது. பன்னிரண்டேகாலுக்கு அந்தப் பெயர் மறைந்து இன்னொரு பெயர் வந்தது. எல்லாத் திரையிலும் ஒழுங்காக மாறியிருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன்.

அதன் பிறகு நாலு மாதம் இருந்தார். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், ஒரு குறை வைக்கவில்லை. "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா" என்று ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டார். தனியாகப் போகிற பேச்சையே அப்புறம் எடுக்கவில்லை. அவராகத்தான் என்னோடு இருந்தார், ஐயா. நான் பிடித்து வைக்கவில்லை.